ஸ்கைரிமில் மூன்றில் ஒரு பங்கு வெட்டப்பட்டதா?

பெதெஸ்டா நிறுவனத்தின் ‘எல்டர் ஸ்க்ரோல்ஸ்’ வீடியோ விளையாட்டு வரிசையில், 2002இல் வந்த மோரோவிண்டில் ஆடுபவர் வளர்த்துக்கொள்ளும் 27 திறன்கள் இருந்தன, 2011இன் ஸ்கைரிமில் 18தான் உள்ளன, ஆகவே புதியவர்களைக் கவர ஆட்டத்தின் மூன்றில் ஒரு பங்கை வெட்டிவிட்டார்கள் என்றொரு கூற்று பரவுகிறது. எண்கள் சரி, முடிவு தவறு.

குறைந்தவற்றுள் பல, ஒன்றாக இணைக்கப்பட்டவையே. மோரோவிண்டில் நீள்வாள், குறுவாள், கோடரி என்று தனித்தனியாக இருந்தவை, ஸ்கைரிமில் ஒரு கை ஆயுதம், இரு கை ஆயுதம் என்ற இரண்டு திறன்களுக்குள் அடங்கிவிட்டன. ஈட்டி, வெறுங்கைச் சண்டை போன்ற சில மட்டும் உண்மையாகவே காணாமல் போயின. மறுபுறம், பொருள்களுக்கு மந்திரமேற்றும் திறன், 2006இன் ஒப்லிவியனில் நீக்கப்பட்டு, ஸ்கைரிமில் திரும்பி வந்தது. ஒவ்வொரு திறனுக்கும், அது வளர வளரத் தேர்ந்தெடுக்கும் கூடுதல் ஆற்றல்கள் கிளைவிடும் சிறப்பாற்றல் மரம் ஒன்றும் புதிதாகச் சேர்ந்தது. அதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

மோரோவிண்டில் வாள் எலியின் மேல் பட்டதைக் கண்ணால் பார்த்த பிறகும், திரைக்குப் பின்னால் உருளும் பகடை ‘தவறிவிட்டது’ என்று சொல்லிவிடும். அதை நீக்கியதை எளிமைப்படுத்தல் என்று பழிப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

ஆனால் குறை சொல்பவர்களிடம் வலுவான சான்றுகளும் உண்டு: பலம், அறிவு போன்ற எட்டு அடிப்படைப் பண்புகளும், சொந்தமாக மந்திரம் உருவாக்கும் வசதியும் ஸ்கைரிமில் இல்லை. பாத்திரங்கள் வாய்மொழியாகச் சொல்லும் வழியைக் கேட்டு, பாறையையும் பாலத்தையும் அடையாளம் வைத்துத் தேடிய பழக்கமோ, செல்ல வேண்டிய திசையைத் திரையிலேயே காட்டும் ஒப்லிவியனின் திசைகாட்டிக் குறி வந்தபோதே பெரிதும் தேய்ந்துவிட்டது.