ஐயரம்மா அமைதியானவங்கன்னு யார் சொன்னது?

போன வாரம் எங்க பழைய ஐயரம்மாவை ஹோசூர் ரோடு கல்லறைத் தோட்டத்துல அடக்கம் பண்ணிட்டு வந்தோம். 89 வயசு. (சர்ச் பாஸ்டரை ஐயர்னும் அவர் சம்சாரத்தை ஐயரம்மான்னும்தான் நாங்க திருநெல்வேலி பக்கத்து ஆளுங்க கூப்பிடுவோம். என் லீவ் மெசேஜைப் பாத்துட்டு ஆபீஸ்ல ஒருத்தி, உங்க சொந்தத்துல பிராமின்ஸ் இருக்காங்களான்னு கேக்குறா, அந்த நாள்லயும் சிரிப்பு வந்துடுச்சு.)

ஆராதனைல நாலு பேர் பேசினாங்க. நாலு பேரும் அமைதியான அம்மா, தியாகி, ஐயருக்குப் பின்னால நின்ன தூண்னு ஒரே பாட்டு. கடைசி பெஞ்சுல உக்காந்திருந்த எனக்கு அழுகையைவிட எரிச்சல்தான் ஜாஸ்தி வந்துச்சு. அமைதியா? அவங்களா?

எழுபதுகள்ல அவங்க கேஜிஎஃப்ல, அதான் கோலார் தங்க வயல்ல, இருந்தப்போ எங்கம்மா அங்க சாம்பியன் ரீஃப்ல சுரங்கத் தொழிலாளிங்களுக்குன்னு வரிசையா கட்டின லைன் வீட்டுல இருந்தாங்க. தண்ணி கஷ்டம், ஐயர் குடும்பத்துக்குச் சபை குடுக்குற வீடான குருமனையோட கொழாய்ல மட்டும் கொஞ்சம் வரும், அதனால விடியக்காலைல லைன் வீட்டுப் பொம்பளைங்க எல்லாம் குடத்தோட அங்க வந்து நிப்பாங்களாம். சர்ச் கமிட்டி செக்ரட்டரிக்கு அது புடிக்கல, ஒரு பூட்டைக் கொண்டாந்து கேட்டுல மாட்டிட்டாரு. ஐயரம்மா என்ன பண்ணாங்க தெரியுமா, அந்தப் பூட்டைக் கழட்டி ஞாயித்துக்கிழமை காணிக்கைப் பை வரும்போது உள்ள போட்டுட்டாங்க. எண்ண உக்காந்த டிரெஷரர் பூட்டைக் கையில வெச்சுக்கிட்டு முழிச்சாராம். எங்கம்மா இதை எத்தனை தடவை சொன்னாலும் சிரிச்சு முடிக்க மாட்டாங்க.

நானே கண்ணால பாத்தது 1991 டிசம்பர். அதுக்குள்ள நாங்களும் பெங்களூரு வந்துட்டோம், ஐயருக்கும் மாற்றலாகி இங்கயே வந்திருந்தாங்க. காவிரி இடைக்கால உத்தரவு கெஜட்ல வந்த கையோட ஊர்ல கலவரம், தமிழ் போர்டு இருக்குற கடையெல்லாம் எரியுது, கர்ஃபியூ போட்டாச்சு, கேரல் ரவுண்ட்ஸ் கேன்சல். எங்க சந்துல இருந்து ஏழு குடும்பம் குருமனைல போய் அடைஞ்சோம், எனக்கு 14 வயசு. ஐயர் ஜன்னல் ஓரம் மெதுவா ஜெபம் பண்ணிட்டு இருந்தாரு, ஐயரம்மா அசனத்துக்கு, அதாவது சர்ச் விருந்துக்கு, வெச்சிருந்த பெரிய டேக்ஸாவை இறக்கி, சங்கத்துப் பொம்பளைங்க வீட்டுக்கு வீடு உலை வைக்கும்போது ஒவ்வொரு பிடியா எடுத்துவெச்சு சேத்த பிடியரிசியைக் கொட்டி எல்லாருக்கும் கஞ்சி காச்சினாங்க. பக்கத்து வீட்டு கன்னடக்கார அம்மா பின்கதவு வழியா பால் பாக்கெட் குடுத்துட்டுப் போனாங்க, அந்த அம்மாகிட்ட கன்னடத்துல அவ்ளோ நேரம் பேசிட்டு வந்தவங்களும் இவங்கதான். ஜனவரில கமிட்டி அந்த அரிசிக்குக் கணக்கு கேட்டுச்சு. சாப்பிட்டவங்ககிட்ட போய்க் கேளுங்கன்னு சொல்லிட்டாங்க.

இவங்களைத்தான் அமைதின்றாங்க.

சரி, என் உண்மையான கோபத்துக்கு வரேன். ஐயரம்மா நாசரேத் பக்கம், டீச்சர் டிரெயினிங் முடிச்சவங்க. ரெண்டே வருஷம் வேலை பாத்தாங்க, 1960ல கல்யாணம், அதோட வேலை போச்சு, மாற்றல் மேல மாற்றல் வந்தா எந்த ஸ்கூல்ல நிலைச்சு இருக்க முடியும். 38 வருஷத்துல 9 குருமனை. ஒவ்வொண்ணுலயும் சண்டே ஸ்கூல், பெண்கள் ஐக்கியம், ஆஸ்பத்திரி விசிட், சாவு வீட்டுக்கு ராத்திரி ரெண்டு மணிக்குப் போறது, சொல்லாம வர்ற இருபது பேருக்கு டீ. சம்பளப் பட்டியல்ல ஒரே பேரு, ஐயர் பேரு. கூடப் படிச்சவங்க ஹெட்மிஸ்ட்ரஸா ரிட்டையர் ஆகி பென்ஷன் வாங்குறாங்கன்னு ஒரு தடவை சொன்னாங்க, பொறாமையான்னு கேட்டேன், இல்லடி, எனக்கு அந்த ரிஜிஸ்டர்ல கையெழுத்து போடுறது ரொம்பப் புடிக்கும்னாங்க. அவ்ளோதான், அப்புறம் வேற பேச்சு.

1998ல ஐயர் ரிட்டையர் ஆனாரு, குருமனையைக் காலி பண்ணணும், சொந்த வீடு கெடையாது. லிங்கராஜபுரத்துல சிங்கிள் பெட்ரூம் வாடகை வீடு, ஐயர் போனப்புறம் மகன் வீடு. சபைல இருந்து வந்த விதவைப் பணம் மாத்திரைக்கே பத்தல. கேட்டா ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கணும்மான்னு பதில். மகனும் மருமகளும் தங்கமானவங்க, அதனால ஒப்பேறுச்சு. எல்லா ஐயரம்மாவுக்கும் அப்படி அமையுமா?

அடக்க ஆராதனைல வழக்கம்போல நீதிமொழிகள் 31, குணசாலியான ஸ்திரீ. விடியுமுன்னே எழுந்திருப்பா, ராத்திரி அவ விளக்கு அணையாதுன்னு எல்லாம் விலாவாரியா பிரசங்கம். அந்த அதிகாரத்தோட கடைசி வசனம் எப்படி ஆரம்பிக்குதுன்னு வீட்ல எடுத்துப் பாருங்க. அவ கையோட பலனை அவளுக்குக் குடுங்கன்னு இருக்கு. புகழ்றது அதுக்கு அப்புறம்தான் வருது. நாம முதல் பாதியைத் தாண்டிட்டு நேரா புகழ்றதுக்குப் போயிடுறோம், செலவு கம்மி பாருங்க.

இன்னொண்ணு. தென்னிந்தியத் திருச்சபைல 1976லயே பெண் ஐயர் வந்தாச்சு, 2013ல நந்தியால்ல பெண் பிஷப்பே வந்தாச்சு. என் சித்தி பொண்ணு சபைல ஐயர் ஒரு அக்கா, வீட்டுக்காரர் ஐடி கம்பெனில இருக்காரு. அவரை யாராச்சும் அங்கிள், இருபது பேர் வந்திருக்கோம், டீ போடுங்கன்னு கேட்டாங்களா? ஆண்கள் ஐக்கியத்தை நீங்கதான் நடத்தணும்னு சொன்னாங்களா? ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்கு வந்தாலே எவ்ளோ நல்ல மனுஷன்றாங்க! அப்போ அது ஊழியக்காரர் துணைக்குன்னு இருக்குற அழைப்பு இல்ல, பொம்பளைன்னா சும்மா செய்வான்ற நெனப்பு.

ஐயரம்மா இதைப் படிச்சா என்னைத் திட்டுவாங்க, தெரியும். நான் என்ன சம்பளத்துக்கா செஞ்சேன்னு கேப்பாங்க. காலைல நாலரைக்கு எழுந்து டயரில இருக்குற பேரையெல்லாம் ஒவ்வொண்ணா சொல்லி ஜெபம் பண்றவங்க, என் பிளஸ் டூ ரிசல்ட்டுக்கு எழுதின என் பேரை அப்புறமும் அடிக்கவே இல்ல, இதைப் போய் யார் கட்டாயப்படுத்த முடியும். அவங்க மனசார குடுத்தாங்க, அது அவங்க விசுவாசம், அதுல கை வைக்க எனக்கு உரிமை இல்ல. ஆனா வாங்கினது நாம. 38 வருஷம் ரெண்டு ஆளை ஒரு சம்பளத்துல வேலை வாங்கிட்டு, அதுக்குத் தியாகம்னு பேர் வெச்சு மாலை போட்டா கணக்கு முடிஞ்சிடுமா?

இந்த ஞாயித்துக்கிழமை சர்வீஸ் முடிஞ்சு கமிட்டி இருக்கு. புது ஐயர் வர்றாரு, அவர் சம்சாரம் ஸ்டாஃப் நர்ஸ். வேலையை விடுவாங்களா, கீபோர்டு வாசிப்பாங்களான்னு இப்பவே வாட்ஸ்அப் குரூப்ல கேள்வி ஓடுது. நான் போய் வேற ரெண்டு கேள்வி கேக்கப் போறேன், அந்தப் பொண்ணு பேர்ல மெடிக்கல் இன்ஷூரன்ஸ் உண்டா, ஐயர் காலத்துக்கு அப்புறம் அவங்களுக்கு மாசம் எவ்ளோ. வர்றவங்க வாங்க. டீ நாமளே போட்டுக்கலாம்.