ஐந்து வாசல்களில் ஒன்றுதான் திறந்திருக்கிறது

பினாங்கு ஜார்ஜ் டவுனில் லெபோ பாசார் என்று பலகையில் எழுதியிருக்கும் தெருவை எங்கள் வீட்டில் இன்றும் கடைத்தெரு என்றே சொல்கிறோம். அங்கிருந்து சற்றுத் தள்ளி, தாத்தா வாடகைக்கு இடம்பிடித்து மளிகைக்கடை நடத்திய வரிசையில், அடுத்தடுத்த ஐந்து கடைவீடுகளை ஒருவரே வாங்கி ஒரே விடுதியாக மாற்றியிருக்கிறார். போன வாரம் அம்மாவை அழைத்துக்கொண்டு அதைப் பார்க்கப் போனேன். ஐந்து முகப்புகளும் அப்படியே நிற்கின்றன. மரச்சன்னல்களைக்கூடப் பழுதுபார்த்துப் புதுச்சாயம் பூசியிருக்கிறார்கள். ஆனால் திறந்திருந்த வாசல் ஒன்றுதான். மற்ற நான்கு கதவுகளுக்கும் உட்புறம் சுவர் எழுப்பிவிட்டார்கள். தாத்தாவின் கடை எது என்று தேடிய அம்மா, நான்காவது கதவைக் கையால் தொட்டுப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் நடந்தார்.

பழைய நகரத்துக்குள் புதிய கட்டடமே எழக்கூடாது என்று நான் சொல்லவில்லை. காலி மனைகள் இருக்கின்றன. கூரை இடிந்து மரம் முளைத்துக் கிடக்கும் வீடுகள் இருக்கின்றன. அங்கெல்லாம் இந்தக் காலத்துக் கட்டடங்கள் வரத்தான் வேண்டும். அவற்றுக்குப் பழைய பூவேலைப்பாடுகளைச் சிமெண்டில் வார்த்து ஒட்டுவது எனக்கு உடன்பாடில்லை. இன்று கட்டியது இன்றைக்குக் கட்டியதாகவே தெரியட்டும். புதியது பழையதோடு இணங்குகிறதா என்பதை நாம் முகப்பை வைத்து மட்டுமே அளக்கிறோம் என்பதுதான் என் வருத்தம்.

கடைவீடு ஏன் அப்படி ஒடுங்கி நீண்டிருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். பக்கத்துச் சுவருக்கும் பக்கத்துச் சுவருக்கும் இடையே மர உத்தரம் எவ்வளவு தூரம் தாங்குமோ அவ்வளவுதான் வீட்டின் அகலம். அந்த ஒடுக்கமான வீடு பின்னோக்கி நீண்டுகொண்டே போவதால், நடுவே வானம் பார்த்த முற்றம் ஒன்று விட்டு, அதன் வழியாக வெளிச்சத்தையும் காற்றையும் உள்ளே இறக்கினார்கள். முன்னால் அஞ்சடி, மேல்மாடியின் நிழலில், வெயிலும் மழையும் படாமல் ஊரார் நடக்கும் பாதை. அகலம் குறைவாக இருந்ததால்தான் ஒரு தெருவில் அத்தனை வாசல்கள் அமைந்தன. வாசலுக்கு ஒரு தொழில், தொழிலுக்கு ஒரு குடும்பம் என்று தெரு நிறைந்தது. பூக்கட்டுபவரும் பணம் மாற்றுபவரும் நகைப்பட்டறைக்காரரும் ஒரே வரிசையில் பிழைக்க முடிந்தது அதனால்தான்.

இன்று இரும்பு உத்தரத்தால் எவ்வளவு அகலத்தையும் தூண் இல்லாமல் தாண்டலாம். தாண்ட முடிகிறது என்பதற்காகவே பல மனைகளை ஒன்றாக்கிவிடுகிறார்கள். உள்ளே ஒன்றாக்குவதில் எனக்கு மறுப்பில்லை. நம்மவர்களின் கிட்டங்கியே அதற்குச் சான்று: ஒரே நீண்ட கூடத்தில் பல செட்டியார் கடைகள், ஆளுக்கொரு மேசையும் பெட்டியுமாகத் தரையில் அமர்ந்து தனித்தனியே கொடுக்கல் வாங்கல் செய்தன. கட்டடம் ஒன்று, தொழில் பல. இப்போது நடப்பது அதற்கு நேர் எதிரானது: வெளியே பார்த்தால் பல கட்டடங்கள், உள்ளே ஒரே தொழில்.

மலாக்காவோடு சேர்ந்து ஜார்ஜ் டவுன் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது 2008 ஜூலை 7ஆம் நாள். அடுத்த சில மாதங்களிலேயே உயரமான விடுதித் திட்டங்களைப் பற்றிப் பெரிய சர்ச்சை எழுந்தது. 18 மீட்டர் என்ற உயர வரம்பு ஊரெங்கும் பேச்சானது. அந்த வரம்பு மிகவும் தேவையானது. 65 மாடிகளோடு எழுந்த கொம்தார் கோபுரத்துக்காக எத்தனை பழைய தெருக்களை இழந்தோம் என்று பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள். ஆயினும் உயரத்தைக் காத்த அதே கவனம் அகலத்துக்குக் கிடைக்கவில்லை என்றே நினைக்கிறேன். எங்கள் வரிசையில் எழுந்த விடுதி ஒரு சாண்கூட உயரவில்லை. இருந்தும் அந்த இடத்தில் தெரு செத்துவிட்டது.

ஆட்கள் போனதற்கு வேறு காரணமும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. 1948க்கு முன் கட்டிய வீடுகளுக்கு இருந்த வாடகைக் கட்டுப்பாடு 2000ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் முற்றாக நீங்கியது. அதன்பின் வீட்டுக்காரர் கேட்ட வாடகையைத் தாத்தாவால் கொடுக்க முடியவில்லை. கடையைப் புறநகரான ஆயர் ஈத்தாமுக்கு மாற்றினோம், அங்கே அது இரண்டு ஆண்டு கூட நிலைக்கவில்லை. குறைந்த வாடகையில் வீட்டுக்காரர்கள் கூரையைக்கூட மாற்றாமல் விட்டதும் உண்மைதான்.

சுண்ணாம்பைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். பழைய செங்கல் சுவர் மண்ணிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை வெளியே விட்டுவிடும். அதன்மேல் சிமெண்டைப் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கி, உப்புப் பூத்து, சாயம் உரிந்து, செங்கல்லே உதிரத் தொடங்கும். அந்த விடுதியின் முகப்பில் முழங்கால் உயரத்துக்கு வெள்ளைத்திட்டு இப்போதே படர்ந்திருக்கிறது.

நான் கேட்பது ஒன்றுதான். பல மனைகளை ஒன்றாக்க யாராவது அனுமதி கேட்டால், முகப்பின் வரைபடத்தோடு, அஞ்சடியை நோக்கி எத்தனை வாசல்கள் திறக்கும், ஒவ்வொன்றிலும் என்ன தொழில் நடக்கும் என்பதையும் கேட்க வேண்டும். விடுதிக்கு ஒரு வாசல் போதும். மீதி நான்கையும் பத்தடி ஆழக் கடைகளாகவாவது விடலாம். தையல்காரருக்கும் பூக்காரருக்கும் அதற்குமேல் இடம் தேவையில்லை. அதே வரிசையின் கோடியில் ஒரு மனை இன்னும் காலியாக, தகரவேலிக்குள் கிடக்கிறது. அங்கே கண்ணாடியும் இரும்பும் கொண்டு கட்டினாலும் சரி, மழை பெய்தால் அம்மா ஒதுங்கி நிற்க அஞ்சடியும், பின்னால் திறந்த கதவும் இருக்கட்டும்.