பழைய எண்ணுக்கே போகும் ஓ.டி.பி.

என்னுடைய மின்னஞ்சல் கணக்கைப் புதிய கைபேசியில் திறக்க முயன்றால், கடவுச்சொல் சரி என்று ஏற்றுக்கொண்ட பிறகும், நான்தானா என்று உறுதிசெய்வதற்காக ஓ.டி.பி. அனுப்புகிறார்கள். அது போகிற எண் என் கையைவிட்டுப் போய்ப் பல ஆண்டுகள் ஆகின்றன. "வேறு வழியை முயல்க" என்று இருப்பதைத் தட்டினால், இரண்டு மூன்று பக்கங்கள் சுற்றவிட்டு, மறுபடியும் அதே எண்ணுக்கு அனுப்பட்டுமா என்று கேட்கிறார்கள். சுங்குடிச் சேலை வியாபாரத்தின் பழைய ரசீதுகளும் வெளியூர் வாடிக்கையாளர்களின் முகவரிகளும் அதற்குள் சிக்கிக் கிடக்கின்றன.

அந்த எண்ணை நானாகத் தூக்கியெறியவில்லை. 999 ரூபாய் கட்டினால் வாழ்நாள் முழுவதும் அழைப்பு வரும் என்று 2006 வாக்கில் கூவிக் கூவி விற்றார்களே, அந்த வகைச் சிம் அது. 2018 இறுதியில், அவ்வப்போது குறைந்தபட்ச ரீசார்ஜ் செய்யாவிட்டால் வரும் அழைப்புகூடக் கிடையாது என்று நிறுவனங்கள் அந்த வாக்குக்கு முடிவு கட்டின. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிப்படி, 90 நாள் பயன்படுத்தப்படாமல், இருப்பும் 20 ரூபாய்க்குக் கீழே இருந்தால் எண்ணைத் துண்டிக்கலாம். துண்டித்து 90 நாள் கழிந்தால் இன்னொருவருக்குக் கொடுத்துவிடலாம். டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் ஒரு சேவை மையத்தில் மன்றாடியதற்கு, "அது வேற ஆளு பேருக்குப் போயிருச்சுண்ணே, ஒண்ணும் பண்ண முடியாது" என்று கையை விரித்தார்கள்.

வெட்கத்தை விட்டு அந்த எண்ணுக்கே அழைத்துப் பார்த்தேன். ஓ.டி.பி.யை யாரிடமும் சொல்லாதீர்கள் என்று ஊரெல்லாம் எச்சரிக்கிற காலத்தில், முன்பின் தெரியாத ஒருவன் அதையே கேட்டால் யார்தான் சொல்வார்? அவர் திட்டிவிட்டு வைத்தார். அவர் செய்தது முற்றிலும் சரி.

என் கோபமெல்லாம் கணக்கை வைத்திருக்கும் நிறுவனத்தின்மீதுதான். துண்டிக்கப்பட்ட எண்களின் பட்டியல் மத்தியத் தொலைத்தொடர்புத் துறையிடம் இருக்கிறது. அதைப் பார்த்துத் தரவுகளைச் சரிசெய்துகொள்ளுமாறு 2025 ஜனவரியில் ரிசர்வ் வங்கியே வங்கிகளுக்கு அறிவுறுத்தியது. எண் ஆள் மாறக்கூடியது என்பது இப்படி ஊரறிந்த செய்தியாக இருக்கும்போது, அதை மட்டுமே என் அடையாளமாகப் பிடித்துக்கொண்டு, கடவுச்சொல்லை அறிந்த என்னை வெளியே நிறுத்திவிட்டு, யாரோ ஒருவருடைய சட்டைப்பைக்கு என் ஓ.டி.பி.யை அனுப்புவதற்குப் பாதுகாப்பு என்றா பெயர்?

வங்கியிலாவது கிளைக்கு நேரில் போய், பாஸ்புக்கையும் ஆதாரையும் காட்டி, படிவத்தில் கையெழுத்துப் போட்டால் எண்ணை மாற்றித் தருகிறார்கள். இங்கே அடையாள அட்டையை நீட்டுவதற்கு ஒரு ஜன்னல்கூட இல்லை. சண்டை போடுவதற்கும் ஆள் இல்லை. பழைய ரசீதுகளைக் கேட்டு ஆடிட்டர் விடாமல் அழைத்துக்கொண்டிருக்கிறார்; அவரிடம் நான் என்ன சொல்வது?