வாசிக்கத் தெரியாத ரிவிக்கு வாய் மட்டும் நீளம்

ரிவிக்குப் பின்னால் யூஎஸ்பி ஓட்டை ஒன்றைப் போட்டுவிட்டு, அது எதைத் தின்னும் எதைத் தின்னாது என்று பெட்டியில் ஒரு வரி எழுதாமல் விற்கிறார்களே, அவர்களை என்ன செய்தால் தகும்? நான் கேட்கிறேன்.

தங்கச்சியின் கல்யாணம் யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் நடந்தது. முழங்கால் வருத்தத்தால் அம்மம்மாவால் மண்டபத்துக்கு வர முடியவில்லை. "வீடியோ வரட்டும், வடிவா இருந்து பாப்பம்" என்று ஆறுதல் சொல்லி உரும்பிராய் வீட்டில் விட்டுவிட்டுப் போனோம். மூன்று கிழமை கழித்து ஸ்டூடியோக்காரர் 64 ஜிபி பென்டிரைவ் ஒன்றைச் சின்னப் பட்டுப் பையில் போட்டுத் தந்தார். அன்று பின்னேரம் ஆறு மணிக்கே அம்மம்மா கண்ணாடியைச் சேலைத் தலைப்பால் துடைத்து மாட்டிக்கொண்டு சாய்மனைக் கதிரையில் ரிவிக்கு முன்னால் இருந்துவிட்டார். பக்கத்து ஸ்டூலில் ஒரு தட்டுப் பயத்தம் பணியாரம் வேறு.

பென்னைச் செருகினேன். 'இந்தச் சாதனம் போர்மட் செய்யப்படவில்லை. இப்போது செய்யவா?' என்று ரிவி கேட்டது. கீழே ஓகே என்று பளிச்சென்று ஒரு பொத்தான். ரிமோட் அம்மாவின் கையில். பெருவிரல் ஓகேக்கு மேலேயே நின்றது. "அம்மா, அமத்தாதேங்கோ!" என்று நான் போட்ட கத்தலில் முற்றத்து நாய் குரைக்கத் தொடங்கிவிட்டது.

போர்மட் செய்யாத பென்னாம்! போர்மட் என்றால் பென்னை வெறுமையாக்கி, பைல்களை இன்ன முறையில்தான் அடுக்குவது என்று ஒழுங்கு போடுவது. இது எக்ஸ்ஃபாட் என்ற முறையில் ஒழுங்காகப் போர்மட் செய்த பென். ரிவிக்குத்தான் எக்ஸ்ஃபாட் வாசிக்கத் தெரியாது. கடிதம் வாசிக்கத் தெரியாதவன், தாள் வெறுமையாய் இருக்கிறது என்று சொல்லிக் கிழித்துப் போடப் பார்க்கிற கதை இது. 'எனக்குத் தெரியாது' என்று ஒரு வரி காட்டினால் குறைந்தா போய்விடும்? எக்ஸ்ஃபாட் ஒன்றும் நேற்று வந்ததில்லை, 2006இல் வந்தது. 2019 வரை அதன் விவரத்தை மைக்ரோசாப்ட் பொதுவில் விடாமல் உரிமம் விற்றுக்கொண்டிருந்தது என்பது உண்மைதான். அதற்கு அம்மம்மா என்ன செய்வார்?

சரி, ஃபாட் 32 என்ற பழைய முறைக்கு மாற்றுவோம் என்று வீடியோவை லப்டொப்பில் கொப்பி எடுத்துவிட்டு, பென்னில் ரைட் கிளிக் அடித்துத் திரையில் போர்மட் பெட்டியைத் திறந்தேன். பட்டியலில் ஃபாட் 32ஐக் காணோம். 32 ஜிபிக்கு மேற்பட்ட பென் என்றால் விண்டோஸ் அந்தப் பெட்டியில் அதைக் காட்டாது. ஃபாட் 32க்கு முடியாது என்று நினைக்காதீர்கள், தாராளமாக முடியும். 1994 கடைசியில் அந்தப் பெட்டியை எழுதிய டேவ் பிளமர் என்ற அந்நாள் மைக்ரோசாப்ட் பொறியாளர், தான் வைத்த எல்லை அது என்றும், தற்காலிகம் என்று நினைத்துச் செய்தது என்றும் 2024இல் தானே சொன்னார். முப்பது வருடத் தற்காலிகம்! எங்கள் ஒழுங்கையில் தற்காலிகமாகக் கொட்டிய கிரவல்கூட அவ்வளவு காலம் கிடந்ததில்லை.

ரூபஸ் என்ற இலவச மென்பொருளால் ஒருவழியாக ஃபாட் 32 ஆக்கிவிட்டு, வீடியோவை இழுத்துப் போட்டால், 'பைல் மிகப் பெரிது' என்கிறது. வீடியோ 7 ஜிபி. பென்னில் வெறுமையாய்க் கிடப்பது 59 ஜிபி. ஏழு பேரை ஏற்ற மாட்டேன் என்று வெறும் பஸ்ஸோடு நின்று சண்டை பிடிக்கிற கொண்டக்டரை நீங்கள் கண்டிருக்கிறீர்களா? ஃபாட் 32 ஒரு பைலின் அளவை 32 பிட் எண்ணாகத்தான் குறித்து வைக்கும். ஆகக் கூடியது 4,294,967,295 பைட். அதாவது 4 ஜிபிக்கு ஒரு பைட் குறைவு. 1996இல் வந்த முறைக்கு அது போதும், கல்யாண வீடியோவுக்குப் போதாது. இந்தக் காரணத்தைத் திரையில் ஒரு வரியாகச் சொன்னால் என்னவாம்?

பிறகு விண்டோஸின் சொந்த முறையான என்ரிஎஃப்எஸ். அதை ரிவி வாசித்தது! பைலின் பெயரும் திரையில் வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து ரொறன்ரோவிலிருந்து வந்து நின்ற மச்சாள், "பொறுங்கோ, நான் எடுத்த படங்களையும் இதிலை போட்டுத்தாறன்" என்று பென்னைக் கழற்றிக்கொண்டு போய்விட்டாள். அவளுடையது ஆப்பிளின் மக் லப்டொப். மக் என்ரிஎஃப்எஸ்ஸை வாசிக்கும், ஆனால் எழுதாது. அவளும் லேசில் விடுகிற ஆளா? என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அழித்துப் புதிதாகப் போர்மட் செய்து, ஃபாட் என்றுதான் போட்டேன் என்றும் சத்தியம் பண்ணினாள். அது உண்மைதான். ஆனால் பென்னின் இடம் எப்படிப் பிரிந்திருக்கிறது என்று குறித்து வைக்கிற பகிர்வு அட்டவணையை மக் தன் வழக்கப்படி ஜிபிரி என்ற புது வகையில் போட்டுவிட்டது. எங்கள் ரிவி எம்பிஆர் என்ற பழைய வகை தவிர வேறொன்றை அறியாது. மறுபடி அதே கேள்வி: 'போர்மட் செய்யவா?'

ஒன்பதரை மணிக்கு அம்மம்மா கதிரையிலேயே நித்திரை. கண்ணாடியை நான்தான் மெல்லக் கழற்றி வைத்தேன். தாலி கட்டை அவர் பார்த்தது அடுத்த நாள் காலை.

சித்தப்பாவின் ஓட்டோ செட் இன்னொரு கோதாரி. அதே மக்கில் முருகன் பாட்டு ஏற்றிக் கொடுத்தாள் மச்சாள். ஒவ்வொரு பாட்டுக்கும் பக்கத்தில் புள்ளியும் கோடும் முன்னால் வைத்த ஒரு குட்டிப் பைலை மக் ஒளித்து வைத்துவிடும். ஓட்டோ செட் அதையும் பாட்டென்று நினைத்துப் பாடப் பார்த்து விக்கும். திருநெல்வேலிச் சந்தை மட்டும் விக்கி விக்கிப் போனோம்.

இப்போது வீட்டில் மூன்று பென். அம்மா நகப்பூச்சால் பொட்டு வைத்திருக்கிறார்: சிவப்பு ரிவிக்கு, ரோஸ் ஓட்டோவுக்கு, பொட்டில்லாதது லப்டொப்புகளுக்கு. ஒரே ஓட்டைக்குள் போகிற சாமானுக்கு மூன்று அடையாளம்!

நேற்றுப் பின்னேரம் முன்வீட்டு அன்ரி ஒரு பென்னோடு வந்தார். பேரனின் முதலாம் பிறந்தநாள் படங்களாம். "ரிவியிலை என்னவோ கேட்டுது தம்பி, ஓகே குடுத்தனான். இப்ப ஒண்டையும் காணேல்லை." விரைவுப் போர்மட் என்றால் படங்கள் பெரும்பாலும் உள்ளேயே கிடக்கும், மேலே வேறொன்றும் எழுதாமல் இருந்தால் மீட்டு எடுக்கலாம். கொஞ்சம் நம்பிக்கையோடுதான் கேட்டேன்.

"அதுக்குப் பிறகு ஏதும் போட்டனீங்களோ அன்ரி?"

"ஓம் தம்பி, வெறுமையாக் கிடக்குது எண்டு மகன் நிறையப் படம் ஏத்தினவன்."