கசடுக்குள் இருக்கும் உலோகம் எங்கே போகும்?

கழிவுநீரைச் சுத்திகரிக்கும்போது அடியில் தங்கும் கசடைக் கரியாக்கி, தண்ணீரில் கலந்த ஈயத்தையும் காட்மியத்தையும் பிடிக்கலாம் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. நல்ல வழிதான். இந்தக் கரியில் சாம்பலும் பாஸ்பேட்டும் அதிகம். கரைந்திருக்கும் ஈயம் அந்தப் பாஸ்பேட்டோடு சேர்ந்து, எளிதில் கரையாத உப்பாகப் படிந்துவிடும். சரி, கசடிலேயே இருக்கும் துத்தநாகமும் தாமிரமும் என்னவாகும்? ஆக்சிஜன் படாமல் 500 டிகிரி செல்சியஸ் வாக்கில் சுடும்போது கசடின் எடை குறைகிறது, உலோகம் பெரும்பாலும் கரியிலேயே தங்கிச் செறிவு கூடுகிறது. அந்த உலோகம் முன்பைவிட இறுக்கமாகக் கரியோடு பிணைந்துதான் இருக்கும். ஆனாலும் அமிலத்தன்மையுள்ள நீர் பட்டால் கசியலாம். ஒவ்வொரு முறை கரி தயாரிக்கும்போதும், அதிலிருந்து உலோகம் நீரில் கசிகிறதா என்று சோதனை செய்தே ஆக வேண்டும். அப்புறம், தண்ணீரில் கலந்த ஆர்சனிக் என்ற நச்சைப் பிடிக்க இந்தக் கரி பொதுவாக அப்படியே போதாது. கரியில் இரும்பு ஏற்றினால் நன்றாகப் பிடிக்கும். உலோகத்தை உறிஞ்சி முடித்த கரியை வயலில் கொட்டக் கூடாது என்பதையும் கட்டுரையில் சேர்த்திருக்கலாம்.