எப்படி இருக்கு என்று கேட்டது என் தப்பு

போன மாதம் கரோக்கி டிராக்கை (பாடகர் குரல் இல்லாத இசையை) வைத்து ஒரு பாட்டைப் பாடி, குரலையும் இசையையும் நானே மிக்ஸ் செய்து, வாட்ஸப்பில் பதினேழு பேருக்கு அனுப்பினேன். எண்பதுகளின் மெல்லிசைப் பாட்டு ஒன்று. பெயரைச் சொல்லப் போவதில்லை, சொன்னால் இதற்குக் கீழே அது என்ன ராகம் என்று ஒரு சண்டை ஆரம்பித்து நான் சொல்ல வந்தது காணாமல் போய்விடும். பாடிய இடம் மும்பை செம்பூரில் எங்கள் வீட்டுப் படுக்கையறை, பத்தடிக்குப் பத்தடி. பீரோவைத் திறந்துவைத்து, உள்ளே தொங்கும் புடவைகளைப் பார்த்தபடி பாடினேன். சிரிக்காதீர்கள், துணி எதிரொலியைக் குடித்துவிடும், வீட்டில் ரெக்கார்டிங் செய்கிற நிறையப் பேருக்கு பீரோதான் ஸ்டூடியோ. ஹார்பர் லைனில் கடைசி வண்டி போய், சொசைட்டியின் தண்ணீர் மோட்டார் நின்று, பக்கத்து வீட்டு சீரியல் முடிந்து, நள்ளிரவுக்கு மேல் கிடைக்கிற இரண்டு மணி நேரத்தில் நாலு ராத்திரி பாடி எடுத்தது.

அனுப்பும்போது கூடவே ஒரு வரி எழுதினேன்: "எப்படி இருக்கு, சொல்லுங்க."

ஒன்பது பேர் கைதட்டும் பொம்மை அனுப்பினார்கள். இரண்டு பேர் "அருமை நண்பா" என்றார்கள், நான் அனுப்பி நாற்பது நொடிகூட ஆகியிருக்காது, பாட்டு நாலரை நிமிஷம். பெரியப்பா மகன் "ஒரிஜினல் மாதிரி வரலையே" என்றான். ஒரிஜினல் பெரிய ஸ்டூடியோவில் கூடம் நிறைய வயலின்காரர்களை உட்காரவைத்து எடுத்தது, நான் பீரோவுக்குள் பாடினேன், வராதுதான் தம்பி.

மீதி ஐந்து பேர் உண்மையாகவே கேட்டு யோசனை சொன்னார்கள். இந்தப் பதிவு அவர்களைப் பற்றித்தான், அவர்கள் மேல் எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை, கோபம் வேறு விஷயத்தில். ஒருவர் குரலை ஏற்றச் சொன்னார். இன்னொருவர் குரல் துருத்துகிறது, இறக்கு என்றார். மூன்றாமவர் ரிவர்ப், அதாவது குரலுக்குச் சேர்க்கிற செயற்கை எதிரொலி, போதாது என்றார். நான்காமவர் குரலின் கனமான பகுதியை 300 ஹெர்ட்ஸில் வெட்டி, கூர்மையான பகுதியை 3 கிலோஹெர்ட்ஸில் 4 டெசிபல் ஏற்றச் சொன்னார், டாக்டர் மாத்திரைச் சீட்டு எழுதுவதுபோல. ஐந்தாமவர் மைக்கையே மாற்றி நல்ல கண்டென்சராக வாங்கச் சொன்னார். மும்பை ஃப்ளாட்டில் நல்ல கண்டென்சர் வாங்கினால் என்ன ஆகும் தெரியுமா, மூன்றாம் மாடியில் யாராவது தும்மினால் அதுவும் தெளிவாகப் பதிவாகும். லாமிங்டன் ரோட்டில் வாங்கிய என்னுடைய சாதா டைனமிக் மைக் வாய்க்குப் பக்கத்தில் இருப்பதை மட்டும்தான் பெரிதாகக் கேட்கிறது, எனக்கு அதுதான் வேண்டும்.

மைக்கைத் தவிர மற்ற எல்லாவற்றையும் செய்தேன். பத்து ராத்திரி. ஏற்றினேன், இறக்கினேன், வெட்டினேன், ரிவர்ப்பை ஊற்றினேன். ஃபைல் பெயரில் "கடைசி", "உண்மையான கடைசி", "இதுதான் கடைசி" என்று பதினோரு வடிவங்கள். கல்யாண வீட்டு சாம்பாரில் போகிறவன் வருகிறவன் எல்லாம் உப்புப் போட்ட கதைதான்.

இதில் வேடிக்கை, ஒவ்வொரு ராத்திரியும் முந்தைய ராத்திரியைவிட நன்றாக இருப்பதாகவே எனக்குப் பட்டது. காரணம் பிறகுதான் உறைத்தது. எதைச் செய்தாலும் மொத்தச் சத்தம் கொஞ்சம் கூடிக்கொண்டே வந்திருக்கிறது. நம் காது சின்னச் சத்தத்தில் அடிநாதத்தையும் உச்சியையும் குறைவாகத்தான் கேட்கும், சத்தம் ஏற ஏற இரண்டும் எழுந்து வந்து பாட்டு நிறைவாகத் தோன்றும். பெல் ஆய்வகத்தில் ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-லேயே இதை அளந்து கோடு போட்டுக் காட்டிவிட்டார்கள். கடைக்காரர்கள் ஸ்பீக்கர் விற்பதும் இந்தக் கோட்டை வைத்துத்தான். ஆக, பழைய மிக்ஸையும் புதியதையும் ஒரே சத்த அளவுக்குக் கொண்டுவந்து மாற்றி மாற்றிக் கேட்டால்தான் எது தேவலை என்று தெரியும். அப்படிக் கேட்டேன். முதல் வடிவம் பதினோராவதைவிட நன்றாக இருந்தது. அந்த ராத்திரி நான் தூங்கவில்லை.

கரோக்கி டிராக் விஷயமும் ஒன்று உண்டு. நம்மில் பலர் வைத்துப் பாடுவது ஏற்கெனவே மிக்ஸ், மாஸ்டரிங் எல்லாம் முடிந்து இறுக்கிக் கட்டிய ஒற்றை ஸ்டீரியோ ஃபைல். உள்ளே தபேலாவை மட்டும் கொஞ்சம் தள்ளி உட்காரச் சொல்ல முடியாது, புல்லாங்குழலிடம் வழி விடு என்று கேட்க முடியாது. நிரம்பி வழிகிற காலை நேர கர்ஜத் லோக்கலில் குர்லாவில் ஏறுகிறவனுடைய நிலைமைதான் நம் குரலுக்கு. டிராக்கை 5, 6 டெசிபல் கீழே இறக்கிவிட்டு அப்புறம் குரலைச் சேர்த்தால் கொஞ்சம் மூச்சு விடலாம். மொத்தச் சத்தம் குறைகிறதே என்று பயப்பட வேண்டாம், யூடியூப் எப்படியும் அதிகச் சத்தமாக இருப்பதையெல்லாம் ஏறக்குறைய மைனஸ் 14 லஃப்ஸ் (காதுக்குப் படுகிற சத்தத்தை அளக்கும் அலகு) அளவுக்கு இறக்கித்தான் ஒலிக்கவிடும். இறுக்கி இறுக்கி நசுக்கியதற்குப் பலன் பூஜ்யம்.

சரி, கதைக்கு வருகிறேன். பதினோராவது வடிவத்தை ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டிருந்தபோது அடுக்களையிலிருந்து மனைவி சொன்னாள், "வாசிக்கறவங்க எல்லாம் ஒரு ரூமுக்குள்ள இருக்காங்க, நீங்க மட்டும் எங்கயோ கோயில் மண்டபத்துல நின்னு பாடறீங்க." அவளுக்கு ரிவர்ப் என்ற சொல் தெரியாது, தெரிந்திருந்தால் "ரிவர்ப்பைக் குறைங்க" என்று சொல்லியிருப்பாள், நானும் அவளோடு வாதம் செய்திருப்பேன். காதில் விழுந்ததை அப்படியே சொன்னதால் எனக்குப் பளிச்சென்று புரிந்தது. டிராக்கில் இருக்கும் வாத்தியங்களின் எதிரொலி ஒரு நொடிக்குள் அடங்குகிறது, என் குரலுக்கு நான் வைத்திருந்தது மூன்று நொடி வால். தமிழ்ப் பாட்டுக்கு இது பெரிய வினை, குறில் எல்லாம் நெடிலாக இழுபட்டு அடுத்த சொல்லின் மேல் போய் விழும். வாலை ஒன்றேகால் நொடிக்கு நறுக்கினேன். சொற்கள் திரும்பி வந்தன. ஆனாலும் குரல் இன்னும் தனியாகத்தான் மிதந்தது.

அந்தேரியில் டப்பிங் ஸ்டூடியோ ஒன்றில் வேலை பார்க்கும் நண்பன் ஒருவன், அவனும் மருந்து எதுவும் சொல்லவில்லை, கேள்விதான் கேட்டான்: "எங்க உட்கார்ந்து மிக்ஸ் பண்ணினே?" அறையின் நட்ட நடுவில் என்றேன். சிரித்தான். பத்தடிச் சுவர் இரண்டு எதிரெதிரே நின்றால் அவற்றுக்கிடையே ஒலி மோதித் திரும்பி ஏறக்குறைய 56 ஹெர்ட்ஸிலும், அதன் இரட்டிப்பான 112-லும் தேங்கி நிற்கும். சதுர அறையில் நாலு சுவரும் ஒரே பாட்டைப் பாடுவதால் இரண்டு மடங்கு மோசம். இதில் 112 ஹெர்ட்ஸ் சரியாக அறை நடுவில்தான் உச்சத்தில் இருக்கும், என் கீழ் ஸ்தாயிக் குரல் விழுவதும் அங்கேதான். குரல் கனமாக இருக்கிறதே என்று நான் வெட்டி வெட்டித் தள்ளியது என் அறையின் கனத்தை. வேறு இடத்தில் கேட்டவர்களுக்குக் குரல் சோகையாகத்தான் இருந்திருக்கும், அதனால்தான் ஒருவர் ஏற்றச் சொல்லியிருக்கிறார். பெரிய ஸ்டூடியோக்காரர்களே தங்கள் ஸ்பீக்கரை நம்பாதவர்கள். யமஹா 1978-ல் வீட்டு உபயோகத்துக்கு விட்ட என்எஸ்-10 ஸ்பீக்கர் கேட்க ஒன்றும் இதமாக இருக்காது, உச்சி குத்துகிறது என்று அதன் ட்வீட்டர் (உச்சி ஒலியைத் தரும் சின்ன ஸ்பீக்கர்) மேல் டிஷ்யூ பேப்பர் ஒட்டிவைத்துக்கூட வேலை பார்த்தார்கள், இருந்தும் உலகமெங்கும் மிக்ஸ் மேசைகளின் மேல் அதுதான் உட்கார்ந்திருந்தது, மிக்ஸில் உள்ள குற்றத்தை அது மறைக்காது என்பதால். எனக்கு என்எஸ்-10 கிடையாது. செம்பூரிலிருந்து சயன் வரை ஆட்டோ போகும், அதற்குத் தெற்கே ஆட்டோவுக்கு அனுமதி இல்லை, அந்த இருபது நிமிஷம் போனில் ஸ்பீக்கரைப் போட்டு மடியில் வைத்துக்கொண்டு போனால் நம் பாட்டில் எது பிழைக்கிறது எது சாகிறது என்று தெரிந்துவிடும்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை மாட்டுங்காவுக்குப் போனேன், சின்ன வயதில் எனக்கு நாலு வருஷம் மிருதங்கம் சொல்லிக்கொடுத்த சார் வீட்டுக்கு. தாராவி 90 அடி சாலையிலிருந்து நடந்தே வந்து கற்றுக்கொண்ட பையன் நான், பாதியில் விட்டவன், அந்தக் குற்ற உணர்ச்சியோடுதான் இன்றும் அந்தப் படியேறுவேன். காபி வந்தது. போனை மேசையில் வைத்துப் பாட்டைப் போட்டேன். சார் கண்ணை மூடிக்கொண்டு விரலால் மேசையில் தட்டிக்கொண்டிருந்தார். பல்லவி இரண்டாவது முறை வருவதற்குள் விரல் நின்றது.

"ஏன்டா, எல்லா எடுப்பும் அனாகதமா இருக்கு? வேணும்னே பண்றியா?"

தெரியாதவர்களுக்கு, பாட்டைத் தொடங்கும் இடம்தான் எடுப்பு, தாளம் விழுந்தபின் கொஞ்சம் தள்ளிப் பாட்டை எடுத்தால் அனாகதம், தாளத்துக்கு முன்பே எடுத்தால் அதீதம். இல்லை சார், சமத்தில்தான், தாளத்தோடு சேர்ந்தே எடுக்கிறேன் என்றேன். "அப்போ யாரோ பின்னாலேருந்து உன்னப் பிடிச்சு இழுக்கறாங்க" என்றார். மறுபடியும் காபி.

இழுத்தது கம்ப்யூட்டர். அன்று ராத்திரி ஹெட்போனை மைக் வாயில் வைத்து, ஒரு க்ளிக் சத்தத்தை ஓடவிட்டு அதையே பதிவுசெய்து பார்த்தேன். போன க்ளிக்குக்கும் வந்த க்ளிக்குக்கும் 41 மில்லிசெகண்ட் இடைவெளி. ஒலி கம்ப்யூட்டருக்குள் துண்டுதுண்டாகச் சேர்த்துவைக்கப்பட்டுத்தான் போய்வருகிறது. ஒரு நொடி ஒலிக்கு 44,100 மாதிரிகள் (சாம்பிள்) என்றால், 1024 மாதிரிகள் கொண்ட ஒரு துண்டுக்கு (பஃபர்) 23 மில்லிசெகண்ட், அது போக ஒரு தடவை, வர ஒரு தடவை. மென்பொருள் இந்தத் தாமதத்தைத் தானே கழித்துவிட வேண்டும், ஆனால் ஒலிக்கருவியை இயக்கும் டிரைவர் என்ற நிரல் சொல்லும் கணக்கை நம்பித்தான் அது கழிக்கும், என்னுடைய டிரைவர் சரியான கணக்குச் சொல்கிற ரகம் இல்லை, கழிபடாமல் மிஞ்சியதுதான் அந்த 41. 41 மில்லிசெகண்டில் ஒலி 14 மீட்டர் போய்விடும். வாத்தியங்கள் எல்லாம் ஷண்முகானந்தா ஹால் மேடையில், நான் மட்டும் பத்துப் பதினைந்து வரிசை தள்ளிக் கீழே நின்று பாடியிருக்கிறேன், அதுவும் நாலரை நிமிஷமும். ப்ளூடூத் ஹெட்போனில் கேட்டுப் பாடுகிறவர்கள் இதைவிட இன்னும் பல வரிசை பின்னால், வாசல் கேட்டுக்கு வெளியே நிற்கிறார்கள், தயவுசெய்து வயர் ஹெட்போனுக்கு மாறுங்கள்.

குரலை 41 மில்லிசெகண்ட் முன்னால் நகர்த்தினேன். ஒட்டிக்கொண்டது. அவ்வளவுதான். ஒலியின் கனத்தையும் கூர்மையையும் ஏற்றி இறக்கும் ஈக்யூவில் நான் செய்த வெட்டல்களில் முக்கால்வாசியை எடுத்து எறிந்தேன், ஒன்றும் குறையவில்லை.

அந்த ஐந்து பேருக்கும் கேட்டது ஒரே குறைதான் என்று இப்போது நினைக்கிறேன், குரல் பாட்டோடு சேரவில்லை என்பது. அதை அவர்கள் சொல்லவே இல்லை, அவரவருக்குத் தெரிந்த குமிழைத் திருகச் சொன்னார்கள். ஏற்று என்றவருக்கும் இறக்கு என்றவருக்கும் காதில் விழுந்தது ஒன்றாகவே இருந்திருக்கலாம். எனக்குக் கோபம் இந்தப் பழக்கத்தின் மேல்தான். யாராவது பாட்டு அனுப்பினால் நம் அறிவைக் காட்ட ஓர் இடம் கிடைத்ததாக எண்ணி மருந்து எழுதத் தொடங்கிவிடுகிறோம், நானும்தான், போன வருஷம் ஒரு பெண்ணின் பாட்டுக்கு, சத்தத்தை இறுக்கும் கம்ப்ரஸரின் விகிதம் வரை எழுதிக்கொடுத்தேன், அவள் பாடியது என்ன சொற்கள் என்று இப்போது கேட்டால் எனக்குத் தெரியாது. கருத்துக் கேட்கிறவன் பக்கமும் தப்பு உண்டு, "எப்படி இருக்கு" என்று கேட்டால் கல்யாணத்தில் பந்தி முடிந்து கைகழுவுகிறவரிடம் சாப்பாடு எப்படி என்று கேட்டதுபோல, யார்தான் உண்மையைச் சொல்வார்கள்.

பன்னிரண்டாவது வடிவம் முதல் கமெண்டில் இருக்கிறது. எந்தச் சொல் புரியவில்லை, எத்தனையாவது நிமிஷத்தில் கவனம் கலைந்தது, எதில் கேட்டீர்கள், இந்த மூன்றை மட்டும் சொன்னால் போதும். மைக் வாங்கச் சொல்லாதீர்கள். 2:14-ல் ஒரு குக்கர் விசில் கேட்கும், மேல்வீட்டில் யாரோ ராத்திரி ஒரு மணிக்குப் பருப்பு வைத்திருக்கிறார்கள், அது எனக்குத் தெரியும். சுருதியில்தான் இருக்கிறது, விட்டுவிட்டேன்.