கிழமைக்கு எவ்வளவு போகுது?

லண்டனில் ஒரு கடை விற்பனைக்கு வந்தால் நம்மவர்கள் கேட்கும் முதல் கேள்வி இதுதான்: ஒரு வாரத்துக்கு எவ்வளவு விற்பனை? "கிழமைக்கு எவ்வளவு போகுது அண்ணை?" பன்னிரண்டாயிரம் பவுண் என்றால் கண் விரியும். ஏழாயிரம் என்றால் முகம் சுருங்கும். குட்வில், அதாவது நடக்கிற வியாபாரத்துக்கெனத் தனியாகக் கொடுக்கும் விலை, எவ்வளவு என்று பேரம் பேசுவதும் அந்த எண்ணை வைத்துத்தான். பல வருடம் கவுண்டருக்குப் பின்னால் நின்றவன் என்ற முறையில் என் கருத்தைச் சொல்கிறேன்: அந்த ஒரு எண்ணை நம்பிக் கடை வாங்கினவர்கள்தான் நம் ஆட்களில் அதிகம் நொந்தவர்கள்.

1972இல் இடி அமின் உகண்டாவிலிருந்து துரத்திய குஜராத்திகள் இங்கே வந்து மூலைக்கடைகளை எடுத்து நிமிர்ந்தார்கள். அவர்களின் பிள்ளைகள் டொக்டராகவும் ஃபார்மசிஸ்டாகவும் போய்விட, 83 கலவரத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்த நம்மவர்கள் பெற்றோல் ஸ்டேஷனில் இரவு வேலை செய்து, சீட்டுப் போட்டுக் காசு சேர்த்து, பல கடைகளை அவர்களிடமிருந்தே வாங்கினார்கள். அந்தக் காலத்தில் கிழமைக் கணக்கு ஓரளவு சரியான அளவுகோல்தான். சிகரெட் தானாக விற்றது. பெரிய சூப்பர் மார்க்கெட்டுகள் ஞாயிறன்று கதவைச் சாத்திக்கொண்டன. 1994இல் வந்த ஞாயிறு வியாபாரச் சட்டம் 280 சதுர மீற்றருக்கு மேற்பட்ட கடைகளை ஞாயிறில் ஆறு மணி நேரம் திறக்க விட்டது. சின்னக் கடைக்குக் கட்டுப்பாடு இல்லை. அது நமக்கான சலுகை என்று நினைத்தோம். டெஸ்கோவும் செயின்ஸ்பரியும் அந்த அளவுக்குள் அடங்கும் கிளைகளைத் தெருவுக்குத் தெரு திறந்து அதே சலுகையை எடுத்துக்கொண்டன. காலம் மாறிவிட்டது, கேள்வி மட்டும் மாறவில்லை.

சரி, அந்தப் பன்னிரண்டாயிரத்தைப் பிரித்துப் பார்ப்போம். இது உதாரணக் கணக்குத்தான், ஆனால் இந்த மாதிரிக் கடைகள் ஈஸ்ட்ஹாமிலும் ஹரோவிலும் டூட்டிங்கிலும் எத்தனையோ உண்டு. அதில் நாலாயிரம் சிகரெட் என்று வையுங்கள். நூறு பவுணுக்கு விற்றால் ஐந்து பவுண் கையில் நின்றாலே பெரிது, ஆக இருநூறு. லொத்தரும் பேபொயின்றும் (கடையில் பில் கட்டும் சேவை) ஆயிரத்து ஐந்நூறு. லொத்தரில் நூற்றுக்கு ஐந்து பவுண் அளவில் கமிஷன், பேபொயின்றில் ஒரு பில்லுக்குச் சில பென்ஸ். எழுபது பவுண் தேறட்டும். மிச்சம் ஆறாயிரத்து ஐந்நூறு குடிவகை, பால், பாண், சொக்கலேட், மரக்கறி. வற் (விற்பனை மீதான வரி) போக அதில் ஆயிரத்து முந்நூறு நிற்கிறது என்று தாராளமாகவே போடுவோம். ஆக, பன்னிரண்டாயிரம் என்று பெருமையாகச் சொன்ன கடையில் செலவுக்கு முன் நிற்பது 1,570 பவுண்.

இப்போது செலவு. வருட வாடகை 25,000 என்றால் கிழமைக்கு 480. பிஸ்னஸ் ரேட்ஸ் என்ற கடை வரி 150. ஃபிரிட்ஜும் ஃபிரீசரும் ஓடுகிற கரண்டுக்கு 250. இன்சூரன்ஸ், கார்ட் மெஷின், குப்பை, கணக்காளர் எல்லாம் சேர்த்து 120. ஆயிரம் போய்விட்டது. மிச்சம் 570. கடன் தவணையை இன்னும் தொடவே இல்லை.

காலை ஆறு முதல் இரவு பதினொன்று வரை, ஏழு நாளும் திறந்தால் கிழமைக்கு 119 மணி நேரம். 570ஐ அதால் பிரித்தால் மணிக்கு ஐந்து பவுண்கூட வரவில்லை. 2025 ஏப்ரலில் இந்த நாட்டின் குறைந்தபட்சக் கூலி 12.21 பவுண், 2026 ஏப்ரலில் 12.71. அதாவது, வேலைக்கு ஆள் வைத்து நடத்தினால் இந்தக் கடை முதல் கிழமையிலேயே நட்டம். "லாபம்" என்று விற்பவர் காட்டுவது அவரும் மனைவியும் சம்பளம் வாங்காமல் நின்ற நேரம். பள்ளிக்கூடம் விட்டு வந்து தட்டுகளை நிரப்பிய பிள்ளைகளின் நேரமும் அதற்குள் இருக்கிறது. அவர்கள் உழைப்புக்கு நீங்கள் குட்வில் கொடுத்துவிட்டு, அடுத்த நாளிலிருந்து அதே உழைப்பை நீங்களும் போடப் போகிறீர்கள். அதற்கு ஏன் விலை?

ஆள் பற்றாக்குறை வந்ததும் அடுத்த யோசனை வரும். தெரிந்தவரின் மகன் ஸ்டூடன்ட் விசாவில் வந்திருக்கிறான், கையில் கொடுத்துச் சமாளிக்கலாம். தயவுசெய்து வேண்டாம். பட்டப்படிப்பு மாணவர் என்றாலும் தவணைக் காலத்தில் கிழமைக்கு இருபது மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக்கூடாது. வேலை செய்ய உரிமை இல்லாத ஒருவரை வைத்துப் பிடிபட்டால் 2024 பெப்ரவரியிலிருந்து தண்டப் பணம் ஒரு ஆளுக்கு 45,000 பவுண் வரை, மறுபடி பிடிபட்டால் 60,000 வரை. மேலே போட்ட கணக்கில் அது எத்தனை வருட லாபம் என்று பாருங்கள். அந்தப் பையனின் எதிர்காலமும் அதோடு போகும். காசைக் கையில் கொடுத்து மலிவாக வேலை வாங்குவதை "பிள்ளைக்கு உதவி" என்று சொல்லிக்கொள்பவர்களோடு எனக்கு நெடுநாள் சண்டை.

அந்தப் பன்னிரண்டாயிரமாவது உண்மையா என்பது இன்னொரு கேள்வி. விற்பனைக்குப் போட முன்னர் சில மாதம் மற்றக் கடைக்காரருக்குப் பெட்டி பெட்டியாகச் சிகரெட்டையும் பியரையும் வாங்கின விலைக்கே தள்ளிவிட்டு டில்லை, அதாவது கல்லாக் கணக்கை, வீங்க வைப்பது பழைய வித்தை. கிழமைக்கணக்கு ஏறும், லாபம் ஒரு பென்ஸும் ஏறாது. கூட நின்று பார்க்கிறேன் என்று ஒரு கிழமை ட்ரயல் கேட்பவர்களுக்கும் இது பிடிபடாது. நான் என்றால் டில் ரோலைப் பார்க்க மாட்டேன். கடைக்காரர் சரக்கு எடுக்கும் மொத்த விற்பனைக் கடையான கேஷ் அண்ட் கரியின் பன்னிரண்டு மாத பில்களைக் கேட்பேன். எதை, எவ்வளவு வாங்கினார் என்று தெரிந்தால் எதை விற்றிருக்க முடியும் என்று தெரிந்துவிடும். அதோடு வற் ரிட்டேர்ன். "அதில் குறைச்சுத்தான் காட்டியிருக்கிறம் தம்பி, உண்மையில கூட" என்று சொன்னால், காட்டின தொகைக்குத்தான் குட்வில் என்று சொல்லுங்கள். வரிக்குக் காட்டாத வியாபாரத்தை விலைக்குக் காட்ட அவருக்கு உரிமை இல்லை.

இந்த எண்ணில் எது உங்களோடு தொடர்ந்து வரும் என்றும் பார்க்க வேண்டும். லொத்தர் மெஷின் கடையின் சொத்தல்ல. 2024 பெப்ரவரி முதல் தேசிய லொத்தரை நடத்துவது ஆல்வின் என்ற நிறுவனம். உங்கள் பெயரில் புதிதாக ஒப்பந்தம் போட்டால்தான் மெஷின் தொடரும். தபால் கவுண்டர் உள்ள கடையும் அப்படித்தான், அது கடையோடு தானாகக் கைமாறாது. தபால் ஒப்பந்தம் என்றதும் தபால் நிறுவனத்தின் ஹொரைசன் கணினி விவகாரம் நினைவுக்கு வருகிறது. 1999 முதல் 2015 வரை 900க்கும் மேற்பட்ட துணைத் தபால் அதிபர்கள், கணினி காட்டிய பொய்க் கணக்கால் குற்றவாளிகளாக்கப்பட்டார்கள். நம் பிராந்திய மக்களும் அதில் நிறைய. 2024இல்தான் பாராளுமன்றம் தனிச் சட்டம் போட்டுத் தீர்ப்புகளை நீக்கியது. பெரிய நிறுவனம் நீட்டும் ஒப்பந்தத்தில் "குறைவுக்கு நீயே பொறுப்பு" என்று எங்கே எழுதியிருக்கிறது என்று தேடிப் படிக்காமல் கையெழுத்து வைக்காதீர்கள்.

வருமானம் தேய்வதையும் கணக்கில் எடுங்கள். 2025 யூன் முதலாம் திகதி ஒருமுறை பாவித்து எறியும் வேப்புகளுக்கு (மின்சிகரெட்) தடை வந்தது. 2009 சனவரி 1 அன்றோ அதன் பின்னரோ பிறந்தவர்களுக்கு எந்த வயதிலும் சிகரெட் விற்கக்கூடாது என்ற ஏற்பாட்டையும் அரசு கொண்டுவந்திருக்கிறது. நாட்டுக்கு நல்லதுதான், நானே வரவேற்கிறேன். ஆனால் கிழமை விற்பனையில் மூன்றில் ஒரு பங்கு சிகரெட்டாக உள்ள கடைக்கு, அந்த வியாபாரம் என்றைக்கும் இருக்கும் என்பதுபோல விலை கேட்பது நியாயமில்லை.

இவ்வளவும் சொல்லிவிட்டேன், முக்கியமானது இனித்தான். நீங்கள் வாங்குவது கட்டடத்தை அல்ல, லீஸை, அதாவது குத்தகையை. அந்தக் காகிதத்தில் எத்தனை வருடம் மிச்சம், அது முடிந்தபின் என்ன உரிமை என்பதுதான் கடை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1954ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. அதற்குள் வரும் லீஸ் முடிந்தாலும் கடைக்காரர் எழும்பத் தேவையில்லை; புதிய லீஸ் கேட்கும் உரிமை உண்டு. கட்டடத்தை இடித்துக் கட்டப் போகிறேன், நானே நடத்தப் போகிறேன் என்பது போன்ற சட்டம் சொல்லும் காரணங்களைக் காட்டித்தான் உரிமையாளர் மறுக்கலாம். ஆனால் லீஸ் எழுதும்போதே இந்தப் பாதுகாப்பை விட்டுக்கொடுக்கவும் முடியும். உரிமையாளர் ஒரு எச்சரிக்கை நோட்டீஸ் தருவார், குத்தகைக்காரர் ஒரு அறிக்கையில் ஒப்பமிடுவார், உரிமை போய்விடும். "கொன்ட்ராக்டட் அவுட்" என்று சொலிசிட்டர் சொன்னால் அர்த்தம் இதுதான். அப்படிப்பட்ட லீஸில் மூன்று வருடம்தான் மிச்சம் என்றால், கிழமைக்கு இருபதாயிரம் போனாலும் நீங்கள் வாங்குவது மூன்று வருட வியாபாரம் மட்டுமே. அதுவும் உரிமையாளருக்கு இடையில் முறிக்கும் பிரேக் கிளோஸ் இருந்தால் மூன்று வருடமும் நிச்சயமில்லை.

திருத்தப் பொறுப்பு யாருக்கு என்றும் பாருங்கள். முழுத் திருத்தமும் குத்தகைக்காரர் தலையில் என்றால், நூறு வருடப் பழைய கூரை ஒழுகினாலும் அது உங்கள் கூரைதான். வாங்கும்போது கட்டடம் எந்த நிலையில் இருந்தது என்று படங்களோடு ஒரு பதிவை லீஸோடு இணைத்துக்கொண்டால், அதைவிட நல்ல நிலையில் திருப்பித் தா என்று கேட்க முடியாது. சில நூறு பவுண் செலவு என்று இதைத் தவிர்ப்பவர்கள்தான் கடைசியில் பல்லாயிரம் கட்டுகிறார்கள்.

"லிமிட்டெட் கம்பனி போட்டிருக்கிறம், வீட்டுக்கு ஒண்டும் வராது" என்ற நம்பிக்கையையும் கொஞ்சம் தள்ளி வையுங்கள். புதிய கம்பனி என்றால் கட்டட உரிமையாளர்கள் பெரும்பாலும் டிரெக்டரின் தனிப்பட்ட உத்தரவாதம் கேட்பார்கள். அதில் கையெழுத்து வைத்த நிமிடமே கம்பனிக்கும் வீட்டுக்கும் இடையிலிருந்த சுவர் போய்விட்டது. நம் ஆட்கள் பலருக்குத் தெரியாத இன்னொன்று: நீங்கள் பிறகு கடையை விற்கும்போது, வாங்குகிறவர் வாடகை கட்டாவிட்டால் நான் பொறுப்பு என்று உரிமையாளர் உங்களிடமே உத்தரவாதம் வாங்கலாம். 1995ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கு இடம் கொடுக்கிறது. கடையை விற்றுவிட்டு நிம்மதியாக இருந்தவருக்கு, யாரோ ஒருவரின் வாடகைப் பாக்கிக்குக் கடிதம் வந்ததை நான் பார்த்திருக்கிறேன். ஆகவே வாங்கும் நாளிலேயே விற்கும் நாளைப் பற்றியும் சொலிசிட்டரிடம் கேளுங்கள். விற்பவரின் சொலிசிட்டரையே "செலவு மிச்சம்" என்று பொதுவாக வைத்துக்கொள்ள நினைக்கவே வேண்டாம்.

ஊரிலிருந்தும் சென்னையிலிருந்தும் இன்பொக்ஸில் கேட்பவர்களுக்கு ஒரு பதில். கடை வாங்கினால் விசா கிடைக்காது. இரண்டு லட்சம் பவுண் முதலீடு காட்டி வரும் பழைய தொழில் முனைவோர் விசாவைப் புதிதாக வருபவர்களுக்கு 2019இலேயே மூடிவிட்டார்கள். இப்போதுள்ள இன்னொவேட்டர் ஃபவுண்டர் விசாவுக்குப் புதுமையான, பெரிதாக வளரக்கூடிய தொழில் திட்டம் வேண்டும், அங்கீகாரம் பெற்ற அமைப்பு அதை ஏற்றுக்கொள்ளவும் வேண்டும். ஏற்கெனவே நடக்கும் மூலைக்கடை அதற்குள் அடங்காது. அடங்கும் என்று சொல்லிக் காசு கேட்பவர் யாராக இருந்தாலும் போனை வையுங்கள்.

அப்படியென்றால் கடையே வாங்கக்கூடாதா? இல்லை. கிழமைக்கு ஏழாயிரம் மட்டும் போகிற கடையாக இருக்கட்டும். சிகரெட் குறைவு, மரக்கறி, அரிசி, இறைச்சி, கோப்பி என்று லாபம் நிற்கும் சாமான் கூட, சட்டப் பாதுகாப்போடு பன்னிரண்டு வருட லீஸ், மேலே ஒரு ஃபிளாட், ஒரு ஆளுக்கு முறையான சம்பளம் கொடுத்தும் மிச்சம் வருகிறது என்றால் நான் அதை எடுப்பேன். பன்னிரண்டாயிரம் கடையை விட்டுவிட்டு அதை எடுப்பேன். குடிவகை லைசன்ஸில் என்ன நிபந்தனைகள் இருக்கின்றன, முன்பு வயது குறைந்தவர்களுக்கு விற்றுப் பிடிபட்டதா என்று கவுன்சிலில் விசாரிப்பேன். கவுன்சிலின் பிளானிங் பக்கத்தில் அந்தத் தெருவின் பெயரைப் போட்டு, மூடிக்கிடக்கும் பப்பை யாராவது சூப்பர் மார்க்கெட்டாக மாற்ற விண்ணப்பித்திருக்கிறார்களா என்றும் தேடுவேன். வீட்டில் இருந்தபடியே பார்க்கலாம், காசு செலவில்லை.

கடைசியாக ஸ்டொக். குட்வில் தனி, ஸ்டொக் தனி என்றுதான் பேச்சு இருக்கும். சாவி கைமாறும் நாளில் ஸ்டொக் எண்ண ஒரு சுயாதீனமான ஆளைப் பிடியுங்கள், கூலியை இருவரும் பாதியாகப் போடலாம். திகதி முடிந்தது, முடியப் போவது, மூன்று வருடமாகப் பின்னறையில் கிடக்கும் நத்தார் சொக்கலேட் எதுவும் கணக்கில் வராது என்றும், ஸ்டொக் இவ்வளவுக்கு மேல் போனால் எடுக்க மாட்டேன் என்றும் ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். "நாங்கள் சொந்தக்காரர், இதுக்கெல்லாம் எழுத்தா?" என்று அவர் முகம் சுளிப்பார். சுளிக்கட்டும். அந்தச் சண்டையை சாவி வாங்க முன்னரே போட்டு முடிப்பது நல்லது.